எட்டு வலி

“டாக்டர், நான் உங்ககிட்ட சொன்ன எட்டு வலியும் பொய்” என்றார் லிஃப்ட்காரர்.

டாக்டர் நிமிர்ந்தார். “என்ன சொல்றீங்க?”

“விலாவுல வலி, முதுகுல வலின்னு மாசா மாசம் சொன்னேனே, ஒரு வலியும் கிடையாது. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

சொல்லிவிட்டு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷம் ஒரு பெரிய ஆபீஸ் லிஃப்டுக்குள் நின்று, ஏறுகிறவர்களிடமும் இறங்குகிறவர்களிடமும் வாய் ஓயாமல் பேசிய மனுஷர். இப்போது அவர் அறையில் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும்தான்.

ரத்தக் கொதிப்போ, பட்டன் அமுக்காமலே மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. நாலு வகை மாத்திரைக்கும் மசியவில்லை. அதனால்தான் இந்தப் புதுச் சிகிச்சையின் சோதனையில் சேர்ந்தார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சுட்டுவிடுவார்கள். அது ஆபத்தில்லாததா என்று தெரிய, ஒரு வருஷம் மாதா மாதம் வரச்சொல்லி விசாரிப்பார்கள். இன்று கடைசி தடவை.

“எதுக்குய்யா பொய் சொன்னீங்க?” டாக்டரின் குரல் ஏறியது.

லிஃப்ட்காரர் ஓரமாக நின்ற நர்ஸைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“முதல் மூணு மாசம் ஒண்ணுமில்லைன்னேன். ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டீங்க. நாலாவது மாசம் சும்மா வலிக்குதுன்னு சொல்லிப் பார்த்தேன். இந்தம்மா பக்கத்துல உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டாங்க. ‘எங்கேப்பா வலிக்குது, எப்போலேருந்துப்பா’ன்னு... காபி வேற குடுத்தாங்க. ருசி கண்ட பூனை ஆயிட்டேன் டாக்டர். என்னை அப்பான்னு கூப்பிட வீட்டுல யாரு இருக்கா? பையன் கடல் தாண்டி இருக்கான். பொறந்த நாளைக்கு போன்ல ஒரு பூப்படம் அனுப்புவான்.”

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அடக் கடவுளே!” டாக்டர் மேஜையில் அடித்தார். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கீங்களே! இதுல நூறு பேரைச் சேர்த்தோம். அம்பது பேருக்கு நரம்பைச் சுட்டாங்க. மீதி அம்பது பேருக்குக் குழாயை மட்டும் விட்டு, சுடாம எடுத்துட்டாங்க. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கையெழுத்து வாங்கும்போதே சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“கடைசியில ரெண்டு பக்கத்து வலியையும் எண்ணிப் பார்ப்பாங்க. சுட்ட அம்பது பேர் பக்கம் கூடுதலா இருந்தா, ஆபத்தான சிகிச்சைன்னு மூட்டை கட்டிடுவாங்க. என் ஏழு வருஷ உழைப்பு! உங்க பொய்யால எத்தனை பேருக்கு இந்த வைத்தியம் கிடைக்காமப் போகும், தெரியுமா?”

“போன மாசம் இந்தம்மா பேச்சோட பேச்சா இதைத்தான் சொன்னாங்க. அன்னிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை டாக்டர். அதான் சொல்லிடலாம்னு வந்தேன்.”

“வயசானா மட்டும் போதுமா? வைத்தியத்துல ஒரு வரி பொய் இருக்கக் கூடாது. அது என் ரத்தத்துல ஊறினது!” டாக்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். “எட்டையும் இப்பவே அடிக்கிறேன். பக்கத்துல கையெழுத்துப் போடுங்க.”

“போடறேன்.”

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

“வருஷம் முடிஞ்சாச்சு, இவருக்குச் சுட்டாங்களா இல்லையான்னு எழுதி வெச்ச கவரைப் பிரிக்கணும் டாக்டர்” என்று நர்ஸ் ஒட்டியிருந்த கவரை நீட்டினாள்.

டாக்டர் அதே கோபத்தோடு கிழித்தார். உள்ளே இருந்த சீட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“நுனியில ஏன் உட்கார்ந்திருக்கீங்க ஐயா? நல்லா சாஞ்சு உட்காருங்க.” தனக்கு வந்திருந்த காபியை அவரே லிஃப்ட்காரர் பக்கம் நகர்த்தினார். “முதல்ல இதைக் குடிங்க. தனியா இருக்கிறவங்களுக்கு உடம்புல என்ன நடக்குதுன்னே தெரியாது. லேசா வலிச்சிருக்கும், மறந்திருப்பீங்க. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்.”

“அடிக்கலையா டாக்டர்?”

“பெரியவங்க சொன்ன வார்த்தையை அடிக்கிறது மரியாதையா?”

நர்ஸ் மேஜையில் கிடந்த சீட்டை எட்டிப் பார்த்தாள். டாக்டர் முறைத்தார். அவள் பொருட்படுத்தவில்லை.

“உங்களுக்குச் சுடவே இல்லைப்பா. சும்மா குழாயை விட்டு எடுத்திருக்காங்க.”

லிஃப்ட்காரருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படியானால் அவருடைய எட்டு வலியும் சுடாத ஐம்பது பேரின் கணக்கில். அந்தப் பக்கம் வலி கூடக் கூட, டாக்டரின் சிகிச்சைக்குத்தான் நல்ல பேர்.

“காபி ஆறுது ஐயா” என்றார் டாக்டர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஒரு வாய் காபிக்காக எட்டு மாசம் பொய் சொன்னவர், கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“சிவப்புப் பேனாவை இப்படிக் குடுங்க டாக்டர், எட்டையும் நானே அடிக்கிறேன். ஒன்பதாவதா ஒண்ணு எழுதிக்குங்க. இப்போ நிஜமாவே வலிக்குது.”