கைராசி

செத்த மாட்டை இழுத்துப்போக டிராக்டர் வந்து நின்றது.

பக்கத்து வீட்டு மூக்கம்மாளின் தொழுவத்தில், அவள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். துக்கம் கேட்க வந்தவள்.

மாட்டுக்கு நான்கு நாள் காய்ச்சல். நேற்றிலிருந்து மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. உடம்புச் சூடு என்று மோரும் வெந்தயமும் கொடுத்துப் பார்த்தார்கள். மாட்டு டாக்டர் வருவதற்குள் ஜெர்சி தலையைச் சாய்த்துவிட்டது. அது கறந்தால்தான் மூக்கம்மாள் வீட்டில் உலை கொதிக்கும்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"உண்ணிக் காய்ச்சல்மா. உண்ணி கடிச்சா ரத்தத்துல கிருமி எறங்கிரும். நாட்டு மாட்டு ஒடம்புல அது பாட்டுக்கு இருக்கும், மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஜெர்சி தாங்காது. கொழுத்த உண்ணி ஒண்ணு கீழ விழுந்தாப் போதும். ரெண்டாயிரம், மூவாயிரம் முட்டை போடும். பொரிக்கிற குஞ்சுலயும் கிருமி இருக்கும்."

அவளுடையது நாட்டு மாடு.

தினமும் கறக்குமுன் உண்ணி பிடுங்குவாள். கொழுத்ததாகப் பார்த்து. நசுக்கமாட்டாள். கறக்கிற கையில் ரத்த வாடை வரக்கூடாது. அவ்வளவு சுத்தக்காரி.

சுண்டி எறிவாள்.

வேலிக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம்தான் இந்தத் தொழுவம்.

பாவி, பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

டிராக்டர் போனது. டாக்டர் போனார். கூட்டமும் கலைந்தது. தாயைக் காணாத கன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது.

மூக்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் மாட்டுக்கு ஒரு நோவும் வரலியே மதினி. ஒனக்குக் கைராசி. இந்தக் கன்னுக்குட்டிக்கும் கொஞ்சம் உண்ணி பாத்து விடு."

உட்கார்ந்தாள். கன்றின் காதை மடக்கிப் பார்த்தாள். கடுகு கடுகாக அப்பியிருந்தன.

ஒன்றைப் பிடுங்கினாள். பழக்கத்தில் கையை வேலிப் பக்கம் ஓங்கினாள்.

இறக்கிக்கொண்டாள்.

கட்டைவிரல் நகங்கள் இரண்டுக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். ரத்தம் தெறித்தது. அடுத்ததைப் பிடுங்கினாள். அதற்கடுத்ததையும்.

மூக்கம்மாள் டம்ளரோடு வந்தாள்.

"பால் இல்ல மதினி. கோவிச்சுக்காத."

கடுங்காப்பி.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

வாங்கிக் குடித்தாள்.