மெஷினை நிறுத்தியவள்

“மேடம், கேட்ல ஒருத்தன் நிக்கிறான். மருந்து மெஷினை நிறுத்தின பொம்பளையைப் பார்த்தே ஆகணுமாம். நீங்க லீவுன்னு சொல்லிடட்டுமா?”

போனில் காவலாளி ஓடோங்கின் குரல் கிசுகிசுத்தது.

“கோபமா இருக்கானா?” என்று கேட்டாள் தியோபிஸ்டா.

“தெரியலை மேடம். ஒரு கையில வாழைத்தார், இன்னொரு கையில உயிரோட ஒரு சேவல். சேவல்தான் கத்துது, அவன் கத்தலை.”

“முன்கூடத்துல உட்கார வை. வர்றேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, எழுந்திருக்க முடியவில்லை. இப்படி யாராவது ஒருநாள் வந்து நிற்பார்கள் என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.

கம்பாலாவுக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில், நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில்கள் தயாராகின்றன. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் தியோபிஸ்டாதான். மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், மருந்தை நிரப்பும் மெஷினின் வால்வுக்குள் இருந்த ரப்பர் சவ்வு தேய்ந்து கீறல் விட்டுவிட்டது. மாற்றுச் சவ்வு கையில் இல்லை. கடல் கடந்து வர வேண்டும்.

“தேய்ச்சு வழவழப்பாக்கி ஒரு ஒட்டுப் போடு. புதுசு வந்ததும் மாத்திக்கலாம்,” என்றார் மேலாளர் செம்வாங்கா.

“இது என்ன லாரி டியூபா சார்? ஒட்டின இடுக்குக்குள்ள சுத்தம் பண்ற நீராவி போகாது. கிருமி குடித்தனம் பண்ணும். ஒட்டு பிசிறி ஒரு துணுக்கு விழுந்தாலும் நேரா ரத்தத்துக்குத்தான் போகும்.”

“பாட்டிலே கிடைக்காம செத்தா மட்டும் பரவாயில்லையா? ஏரித் தீவு ஆஸ்பத்திரியில இருந்து போன் மேல போன் வருது. முதல் பெட்டி அங்கே போயாகணும். நான் கையெழுத்துப் போடறேன், பொறுப்பு என்னுது. நான் சொன்னதைச் செய்!”

அவர் அப்படிக் கத்தி அவள் பார்த்ததே இல்லை. விற்பனைக்காக மனுஷன் இப்படியா ஆடுவார் என்று அவளுக்கும் ஆத்திரம் வந்தது.

“உங்க வீட்டு ஆள் அங்கே படுத்திருந்தா, இதை ஏத்தச் சொல்வீங்களா சார்?”

செம்வாங்கா பேனாவைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “புதுசுக்கே ஆர்டர் போடு,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சவ்வு வந்து சேரும்வரை மெஷின் நின்றது. ரேடியோவில் திட்டினார்கள். ஷேர் டாக்சியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், அவள் யாரென்று தெரியாமலே திட்டினார்கள்.

பழைய சவ்வைக் கழற்றித் திருப்பியபோதுதான் தெரிந்தது, மருந்து படாத அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. அதற்குள் கறுப்பாகப் பூஞ்சை. மேலே கொஞ்சம் தேய்த்திருந்தாலும் சவ்வு மெலிந்து, அந்தப் பூஞ்சை மருந்தில் கலந்திருக்கும். அதைக் கொண்டுபோய் செம்வாங்காவின் மேஜையில் வைத்தாள். அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஆனாலும் அவள் மனம் ஆறவில்லை. பாட்டில் வரும் வரும் என்று காத்திருந்தே யாராவது போயிருப்பார்களோ? அந்த யாரோ ஒருவரின் வீட்டு ஆள்தான் இன்று வந்திருக்க வேண்டும்.

முன்கூடத்தில் அவளைக் கண்டதும் அந்த ஆள் எழுந்து நின்றான்.

“நீங்கதானா அது?”

“நான்தான்.”

“என் பேரு முயிங்கோ. தீவுல வாத்தியார் வேலை. மெஷின் நின்ன வாரம் என் மனைவி நிறைமாசம். காய்ச்சலும் வாந்தியுமா துவண்டுட்டா. ஏத்த பாட்டில் இல்லைன்னு நர்ஸ் கையை விரிச்சுட்டாங்க.”

தியோபிஸ்டா ஒரு அடி பின்வாங்கினாள். “மன்னிச்சுக்குங்க... நான்...”

“ஐயோ, எதுக்கும்மா மன்னிப்பு? கரையில இருந்த படகுக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினாங்க. அக்கரைக்குக் கொண்டு போயிட்டோம். அங்கே ஆஸ்பத்திரியில பாட்டில் இருந்துச்சு. பொழைச்சுட்டா. பொண்ணு பொறந்திருக்கு!”

சேவலை அவள் கையில் திணித்தான். அது படபடவென்று சிறகடித்தது. அவள் பயந்து அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு எதுக்குங்க இது? உங்களுக்குப் பாட்டில் வரவிடாம பண்ணினவ நான்.”

“அதுக்குத்தாம்மா. ஒட்டுப் போட்டு ஓட்டியிருந்தா, முதல் பெட்டி என் மனைவிக்குத்தான் வந்திருக்கும். அந்த ரப்பருக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது வெளியில யாருக்கும் தெரியாதே! உங்களுக்கு யார் சொன்னது?”

“அவரே வர்றாரு. உங்க முகத்தைப் பார்க்கக் கூச்சம், அதான் என்னை முன்னால அனுப்பினாரு.”

திரும்பிப் பார்த்தாள். தோளில் ஒரு பச்சைக் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கி வந்துகொண்டிருந்தார் செம்வாங்கா.

“மெதுவாப்பா... உங்க பேத்தி இப்பத்தான் தூங்கினா,” என்றாள், கைப்பிடியைப் பிடித்தபடி அவர் பின்னால் வந்த பெண்.