குசினி

தொண்ணூற்றெட்டில் விசுவமடுவில் பிள்ளைகளுக்கு மூன்று நாள் கதை எழுதும் பட்டறை. நடத்தியவர் ‘செந்தமிழ்ச் சிங்கம்’ மயில்வாகனம். பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்திருந்தார்.

யதுர்ஷிகாவின் கதையில் ‘குசினி’யைச் சிவப்பு மையால் வெட்டிச் ‘சமையலறை’ என்று எழுதினார்.

“போத்துக்கேயச் சொல், பிள்ளை. இதோட மேடையில வாசிக்க விடமாட்டன்.”

“போத்துக்கேயன் போயிட்டான், அம்மா இன்னும் அதுக்கதானே நிக்கிறா, சேர்!”

மறுநாள் தாளில் வெட்டு இல்லை, குசினி இருந்தது.

“நீயோ அழிச்சனி?”

“தாள் உங்கட பையுக்கதானே கிடந்தது, சேர்?”

மீண்டும் வெட்டினார். மூன்றாம் நாள் மேடையில் எடுத்த தாளிலும் குசினிதான் இருந்தது. சனம் பார்த்துக்கொண்டிருந்ததால் தாளை அவளிடம் கொடுத்தார். எழுதியபடியே வாசித்தாள். கைதட்டல் ஓயவேயில்லை.

அடுத்து, அவர் தன் காவியத்தை வாசிக்கப் புத்தகத்தைத் திறந்தார். ‘அரியணை’ எல்லாம் சிவப்பு மையால் வெட்டப்பட்டிருந்தது. மேலே, நாற்காலிக்குப் போத்துக்கேயன் விட்டுப்போன சொல், ‘கதிரை’ என்றிருந்தது, அவருடைய கையெழுத்திலேயே.