நீண்ட இடைவெளி

“சைரன் எப்ப அடிக்கும்னு இந்தக் கம்பெனியில ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு உனக்கு, இன்னொண்ணு இந்தக் கங்கப்பனுக்கு. இப்ப நீயே சொல்லும்மா, நான் யாரைச் சந்தேகப்படட்டும்?”

அழகர்சாமி கத்தவில்லை. அதுதான் வஜிஹாவுக்குப் பயமாக இருந்தது. உத்தனப்பள்ளி சாலையில் இருந்த அந்த உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அவர்தான் மேனேஜர். மதுரைப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் பிரிவில் வஜிஹா சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரவுக் காவலாளி கங்கப்பன் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றிருந்தார்.

விரிவாக்க வேலைக்காக, காட்டைப் பார்த்திருந்த பின்பக்க மதிலை இடித்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் காவல் காக்க வஜிஹா எழுதிய புரோகிராம்தான் இப்போது அவள் கழுத்தையே பிடித்திருந்தது.

கம்பெனியின் ஜாவா சர்வருக்குள் ஒரு டைமர். அது தானாக விழித்துக்கொள்ளும். பின்பக்க விளக்குகளைப் போட்டு, சைரனை ஊதி, பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உறங்கிவிடும். மறுபடி விழிக்கும். யாரும் பொத்தானைத் தொட வேண்டாம்.

“ஆளே இல்லாம ஆள் வேலை பாக்குதே!” என்று முதல் நாள் அதிசயித்தவர் இதே அழகர்சாமிதான்.

“ஒரே இடைவெளியா வெச்சா திருடன் சுலபமா புரிஞ்சுக்குவான்னு, கூட்டிக் குறைச்சுத்தான் சார் வெச்சேன்” என்றாள் வஜிஹா. “ஒரு தடவை அடிச்சதும் சீக்கிரமே ரெண்டாவது அடிக்கும். மூணாவது கொஞ்சம் தள்ளி. அதுக்கடுத்தது ரொம்ப நேரம் கழிச்சு. அப்புறம் மறுபடியும் முதல்ல இருந்து. சும்மா கேக்கறவங்களுக்கு ஒண்ணும் பிடிபடாது.”

“அதைத்தானே நானும் சொல்றேன்? அந்த ரொம்ப நேரம் இருக்கு பாரு, அதுலதான் கரெக்டா வர்றான். வெல்ல மூட்டை போச்சு, ராகி மூட்டை போச்சு. பூட்டை உடைக்கல, தாழ்ப்பாளை நீக்கிட்டு எடுத்திருக்கான். கேன்டீன் ஸ்டோருக்கு வெறும் தாழ்ப்பாள்தான்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?”

“சார், எம் மேல சத்தியமா நான் யாருகிட்டயும் சொல்லலைங்க” என்றார் கங்கப்பன். “அந்த நேரத்துலதான் முன் கேட்டுல டீ குடிக்கப் போறேன். அதுக்குள்ள காரியம் முடிஞ்சு போவுது. ஒரு சத்தம் கேக்கறதில்ல.”

“நாளைக்குக் காலையில போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன். ரெண்டு பேர் பேரும் இருக்கும்.”

வஜிஹா ஓர் அடி முன்னால் வந்தாள். “ஒரு ராத்திரி மட்டும் குடுங்க சார்.”

“எதுக்கு? இருக்கறதை அழிக்கறதுக்கா?”

“நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க, நான் என்ன எழுதறேன்னு.”

அவர் கங்கப்பனை வெளியே அனுப்பினார். கிழவர் முகம் சுருங்கிப் போனது. வஜிஹா பழைய டைமரைத் தொடவே இல்லை, இன்னொன்றை எழுதினாள். இதற்கு விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஸ்டோர் வாசலிலும் மதில் பக்கமும் அன்று மாலை பொருத்திய, இருட்டிலும் தெரியும் இரண்டு கேமராக்களைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு உறங்கிவிடும்.

அன்று இரவு வீட்டில் அவள் கடிகாரத்தைப் பார்த்தபடியே கிடந்தாள்.

காலையில் மூவரும் திரை முன்னால் இருந்தார்கள். கங்கப்பனை அழகர்சாமியே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

முதலில் ஸ்டோர் வாசல் கேமரா. வெற்றுத் தரை. மூடிய கதவு. விளக்கு எரியும் படம், அணைந்த படம். சைரன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்திருந்தது. மூன்றாவதும் ஓய்ந்தது. நீண்ட இடைவெளி தொடங்கியது.

அடுத்த படத்தில் திரை முழுக்கக் கருப்பு.

“கேமரா போயிடுச்சா?”

“இல்ல சார். யாரோ அதை மறைச்சுக்கிட்டு நிக்கறாங்க.”

“அடப்பாவி! கேமரா எங்க இருக்குன்னுகூடத் தெரிஞ்சு வெச்சிருக்கானே!”

தொடர்ந்து எல்லாம் கருப்பு. பிறகு மறைப்பு விலகியது. கதவு திறந்து கிடந்தது, ஒரு மூட்டையைக் காணோம். அதற்கடுத்த படத்தில் விளக்குகள் எரிந்தன. சைரன் அடித்திருக்கிறது. அங்கே ஒரு ஈ காக்கை இல்லை.

அழகர்சாமி நாற்காலியில் சாய்ந்தார். “கையில வாட்ச் கட்டிக்கிட்டு வந்தாக்கூட இவ்வளவு கணக்கா வெளியேற முடியாது. இவன் சாதாரண ஆள் இல்ல.”

“மதில் பக்கத்து கேமராவைப் பாப்போம் சார்” என்றாள் வஜிஹா. “எந்த வழியா வந்தாங்கன்னு தெரியும்.”

முதல் சைரன் நேரத்துப் படத்தைத் திறந்தாள். திரைக்கு அருகே குனிந்தாள். இரண்டாவது சைரன். அதே இடம், அதே நிலை. மூன்றாவது சைரன். அப்போதும் ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை.

“மூணையும் நின்னு கேட்டிருக்கு” என்றாள், குரலே எழாமல். “என் புரோகிராமை யாரும் வெளிய சொல்லல சார். அங்க நின்னு, காதால கேட்டே படிச்சிருக்கு.”

“தேவரே!” தன் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்ட கங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

அழகர்சாமி எழுந்து நின்றார். போலீசுக்கு எழுதிய காகிதம் அவர் கையிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவே இல்லை.

விளக்கு வெளிச்சம் எட்டியும் எட்டாமலும் விழுந்த இடத்தில், இடிந்த மதிலுக்கு அப்பால், குட்டியைக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, காதுகளைக்கூட அசைக்காமல் காத்து நின்றது ஒரு காட்டு யானை.