சுவரொட்டியில் இரண்டு முகங்கள்

அச்சகத்தில் மை வாடை மூக்கைத் துளைக்கிறது. கணினித் திரையில் மேயர் வேட்பாளர்கள் இருவரும் அருகருகே சிரிக்கிறார்கள். இரண்டு பேர் சுவரொட்டியும் இங்கேதான். அச்சகக்காரர் இருவருக்கும் சுருக்கத்தையும் மச்சத்தையும் துடைத்து, வழுக்கையை நிரப்பி, ஒரே வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒட்டியாக வேண்டும். "எங்கண்ணன் இதுல யாருங்க?" என்கிறாள் அவர் மனைவி. "கூடப்பொறந்த உனக்கே தெரியலைன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது? அசல் படத்து மேலயே சேவ் பண்ணித் தொலைச்சிட்டேன்."

கதவு திறக்கிறது. வெயில் பட்டு இரண்டு முகங்களும் வெளுக்கின்றன. பிரசாரத்தில் தொண்டை கட்டிய அண்ணன் உள்ளே வந்து, இடப்பக்க முகத்தில் விரலை ஊன்றுகிறார். "திருட்டு முழியைப் பாத்தாலே தெரியலையா மாப்ளே? இவன்தான் என்னை எதிர்த்து நிக்கிற பய." அச்சகக்காரர் பெருமூச்சு விட்டு அச்சடிக்கும் பொத்தானில் கை வைக்கிறார். அண்ணன் திரையை இன்னும் நெருங்கி, தன் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறார். "இரு, இரு... இது நான்தானோ?"