அவரைக்கொடியை எழுப்பியவள்

கேளுங்க கண்ணுகளா, ஐப்பசி கடைசியில் பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடும். தையல் கம்பெனி வண்டி செங்கமலத்தை இறக்கிவிடும்போதே வீடுகளில் விளக்கு வைத்திருப்பார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக் கொல்லையில் பூவெடுத்திருந்த அவரைக்கொடி பந்தலை விட்டுச் சரிந்து கிடந்தது. ராத்திரி புயல் வரும் என்றார்கள்.

"விளக்கு வச்ச பிறகு செடியைத் தொடாதடி, தூங்குது," என்றான் புருஷன் மாசிலாமணி.

"விட்டா காலையில இது இருக்காதுய்யா. எழுப்பிக் கேட்டுட்டுத்தான் தொடுவேன்."

"என்னை ஒருநாளாவது இப்படி எழுப்பியிருக்கியா?"

பிள்ளையை எழுப்புவதுபோல் கொடியை மெல்லத் தடவினாள். தொங்கியிருந்த இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. தூக்கிக் கட்டக் கயிறெடுக்கத் திரும்பினாள். கொடிநுனி அவள் விரலைச் சுற்றிக்கொண்டது. உருவிப் பார்த்தாள், விடவில்லை.

"சோறு ஆறுதுடி!"

"நீ சாப்பிடுய்யா. இது இன்னும் அரைத்தூக்கத்துல என்னைப் பந்தக்காலுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கு," என்று கையை உயர்த்தியபடியே நின்றாள் செங்கமலம். காற்று எழுந்தது. இன்னொரு நுனி அவள் தோள்மேல் ஏறிக்கொண்டிருந்தது.