விதையா, ஒட்டா?

"மறைக்காம சொல்லுங்க மிஸ்டர் புரோபர்ட். உங்க ஆப்பிள் மரம் விதையில முளைச்சதா, ஒட்டுக் கட்டினதா?"

மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி ஹெஸ்டர் வாசலில் நின்றிருந்தாள். குளிர்காலம் முழுக்க லண்டனில் மகள் வீட்டில் இருந்துவிட்டு எட்வின் புரோபர்ட் நேற்றுதான் திரும்பியிருந்தார். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"விதைதான் ஹெஸ்டர். கண்காட்சியிலயே சொன்னேனே."

போன அக்டோபர் ஊர்க் கண்காட்சியில் அவருடைய ஆப்பிளுக்கு முதல் பரிசு. தானே விதை போட்டு வளர்த்த புது ரகம் என்று சொல்லி, இறந்துபோன மனைவி மாபெலின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். பொய் என்று தெரிந்தால் அவர் மானத்தோடு மாபெல் பெயரும் சேர்ந்து சந்தி சிரிக்கும்.

ஹெஸ்டர் உள்ளே வந்து ஓர் ஆப்பிளை மேசையில் வைத்தாள். "இது எங்க மாமனார் காலத்து மரத்துப் பழம். உங்களதக் கொண்டாங்க."

வேறு வழியில்லை. பரணில் வைக்கோலுக்குள் கிடந்ததில் ஒன்றை எடுத்து வந்தார்.

"காம்பைச் சுத்தித் துரு பிடிச்சாப்ல தோல். ரெண்டுலயும் இருக்கா? அடியில அஞ்சு மேடு, எண்ணிக்குங்க." இரண்டையும் காதருகே வைத்து ஆட்டினாள். விதைகள் கலகலத்தன. கத்தியால் பிளந்தாள். தோலுக்கு அடியில் ஒரே ரோஜா நிறம்.

"அக்டோபர்ல பல்லு கூசும், மார்ச்சுலதான் இனிக்கும். இதுவும் அப்படித்தானே?"

"ஆமா."

"விதை போட்டா தாய்மரத்துப் பழம் வருமா? ஒட்டுக் கட்டினாத்தானே அச்சு அசலா இப்படி வரும்? எங்க மரத்துல குச்சி திருடினீங்களா, இல்லையா?"

பாவம், மனிதருக்குப் பொய்யில் பழக்கம் போதாது.

"எட்டு வருஷம் ஆச்சு ஹெஸ்டர். நீங்கள்லாம் சர்ச்சுக்குப் போயிருந்தப்ப வெட்டினேன். மாபெலுக்கு அந்தப் பழம்னா உயிரு. கேட்டா உங்க மாமனார் ஒரு குச்சிகூடத் தரமாட்டாரு. கடைசியில மரம் காய்க்கிறதுக்குள்ள அவ போயிட்டா. ஊரைக் கூட்டிச் சொல்லுங்க, எனக்கு வேணும்."

ஹெஸ்டர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"விதைதான்னு கடைசிவரைக்கும் சாதிச்சிடுவீங்களோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டே வந்தேன் எட்வின். நீங்க லண்டனுக்குக் கிளம்பின வாரமே இடி விழுந்து எங்க மரம் அடியோட எரிஞ்சுபோச்சு. ஒட்டுக் கட்ட எனக்கு ஒரே ஒரு குச்சி குடுங்க."